தெற்குத் தெருவில் மதியத் தூக்கம்

சிப்பிமுனையின் தெற்குத் தெருக்களிலிருந்து தண்ணீரைப் பற்றிய புகார் வருவது நின்றுபோனது. ஜெசிந்தாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அவள் ஊரின் குடிநீர் அலுவலகத்தில் தரம் பார்க்கும் பொறியாளர். வடக்குக் கோடியில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பெரிய குழாய் கடற்கரையை ஒட்டித் தெற்கே ஓடி, தெருத்தெருவாகப் பிரிந்து மெலிந்து, உப்பளத்துக்கு முன்னால் படகுக்காரர்கள் குடியிருக்கும் கடைசித் தெருவில் முட்டி நின்றுவிடும். தொட்டியை விட்டுப் புறப்பட்ட தண்ணீர் அங்கே போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். போவதற்குள் குளோரின் செத்து, துரு கலந்து, தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். அதனால் அலுவலகத் தொலைபேசியில் கேட்கும் கோபக் குரல்களில் பாதி தெற்குத் தெருக்களுடையதாகவே இருக்கும். இப்போது சில மாதங்களாக ஒரு குரலும் இல்லை.

"ஆத்துத் தண்ணிய நிறுத்திட்டு கடல் தண்ணியக் குடிதண்ணியாக்குற ஆலைய இணைச்சோம்லா, அதுல எல்லாம் தெளிஞ்சிருக்கும்மா," என்றார் செயற்பொறியாளர் வைகுண்டமணி. ஓய்வு பெறப் போகிறவர். மிச்சமிருக்கும் காலத்தைச் சத்தமில்லாமல் கழித்துவிட விரும்பினார். "புகார் இல்லைன்னா சந்தோஷப்படணும்."

"தெற்குத் தெருக்காரங்க சந்தோஷமா இருந்தாலும் போன் போட்டு ரெண்டு வார்த்த திட்டுவாங்க சார். நான் அந்தத் தெருவுல பிறந்தவ. எனக்குத் தெரியும்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதிரி பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைசித் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு ஒதுங்கிய சின்னத் தூக்கம் இல்லை அது. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே பாய்களில், கட்டில்களில், சிமெண்டுத் தரையில் மனிதர்கள் மல்லாந்து கிடந்தார்கள். கடற்காற்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்வந்தது. ஒரு பெண் தூக்கத்திலேயே வாய்விட்டுச் சிரித்தாள். படகோட்டி ஒருவரின் வலது கை, சுக்கான் பிடிப்பது போலக் காற்றில் மெல்ல அசைந்தது. எல்லா முகங்களிலும் ஒரே மாதிரி வெளிச்சம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் ஆள் போகாத வீடு இந்தத் தெருவில் அபூர்வம். இப்படிப்பட்ட முகங்களை அதன் பிறகு அவள் இங்கே பார்த்ததில்லை.

தெருமுனைக் குழாயைத் திறந்து குளோரின் சோதித்தாள். சோதனைச் சொட்டு மருந்தை விட்டும் நிறம் ஏறவில்லை; குளோரின் துளியும் இல்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. முகர்ந்தாள். மிக மெல்லிய இனிப்பு வாசம்.

பாட்டிலை மூடிவிட்டு அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனாள். அமலோற்பவம் அவள் அண்ணன் கஸ்பாரின் மனைவி. கஸ்பாரும் அந்தப் புயலில் போனவன்தான். படகின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு ஜெசிந்தா இந்த வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாயில் படுத்திருந்த அமலோற்பவம் மெல்லக் கண் திறந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெசியா? வா, வா. செத்த முந்தி வந்திருந்தா உங்கண்ணனப் பாத்திருக்கலாம்."

ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள். "கனவு கண்டியளா மதினி?"

"கனவுதான், எனக்குத் தெரியாதா? ஆனா கனவு மாதிரி கொழப்படியா இருக்காது. நடந்தது நடந்தபடி வரும். இன்னைக்கு வந்தது, கல்யாணம் முடிஞ்ச புதுசுல ஒரு நாள். எனக்கு றால் உரிக்கத் தெரியலன்னு பக்கத்துல உக்காந்து சொல்லித் தந்தாவ. அவிய சட்டையில உப்பு பூத்திருக்கு. அந்த வாசங்கூட வருது, ஜெசி."

"தெனமுமா?"

"படுத்தா வாராவ. தெனமும் ஒரு நாள். நம்ம தெருவுல எல்லாத்துக்கும் வருது. மிக்கேல் மாமாவுக்கு அவரு மவன் வாரான்."

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறாமையாக இருந்தது. அவளுக்குக் கஸ்பார் ஒரு நாளும் வந்ததில்லை. பேச்சை வளர்க்க, அவளும் மதினியும் சேர்ந்தால் எப்போதும் சொல்லிச் சிரிக்கும் விஷயத்தை எடுத்தாள். கஸ்பாரின் கல்யாணத்தன்று மழை கொட்டி, பந்தல் கிழிந்து, அவ்வளவு தண்ணீரும் பெரிய மாமாவின் சாப்பாட்டு இலையில் விழுந்த கதை.

அமலோற்பவம் பொறுமையாகக் கேட்டாள். "மழையா? எங்க கல்யாணத்துலயா?" என்றாள். தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவரைப் பார்ப்பது போல இதமாகப் பார்த்தாள்.

தூக்கம் தெளியவில்லை என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

மாதிரிகள் பெரிய ஆய்வகத்துக்குப் போயிருந்த நாட்களில், அவள் தினமும் அந்தத் தெருவுக்குப் போனாள். மதினி எழுந்ததும் அன்றைக்கு வந்த கனவைக் கேட்பாள். மறுநாள் அதே சம்பவத்தை நினைவூட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் அமலோற்பவம் அதே இதமான பார்வையோடு, "அப்படியா நடந்துச்சு?" என்று கேட்டாள். றால் உரிக்கக் கற்றுத் தந்த கதையை ஜெசிந்தா திரும்பச் சொன்னபோது, "எனக்கு எங்கம்மால்லா சொல்லித் தந்தா," என்றாள்.

ஆய்வக முடிவுகள் வந்ததும் வைகுண்டமணியின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சார், பழைய ஆத்துக்கரையில ஒரு மருந்துக் கம்பெனி இருந்துச்சே, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி மூடினாங்களே?"

"ஆமா. தூக்க மருந்து செஞ்சாங்க."

"அதோட கழிவு ஆத்துல கலந்து நம்ம குழாய்க்குள்ள வந்திருக்கு. கொஞ்சத்த நாம குடிச்சிட்டோம். மிச்சம் குழாய்ச் சுவர்லயே தங்கிட்டு. உள்ள படியிற துரு பஞ்சு மாதிரி சார், வாரத எல்லாம் உறிஞ்சி வச்சுக்கிடும். இத்தன வருஷமா பேசாம இருந்துச்சு. நாம தண்ணிய மாத்தினோம். ஆலைத் தண்ணியில உப்பு கெடையாது. அது வெறும் வயித்தோட வார தண்ணி, எதப் பாத்தாலும் கரைக்கும். பழைய துருவக் கரைச்சு, உள்ள இருந்தத வெளிய விடுது."

"அப்படின்னா வடக்க இருக்கிற நமக்குத்தான மொதல்ல வரணும்?"

"இங்க குளோரின் பலமா இருக்கு. வந்த உடனே சிதைச்சிருது. நடுத் தெருக்கள்ல லேசா தூக்கம் மட்டும் வருது. தெற்க போகப்போக குளோரின் தீந்துருது, குழாய்ச் சுவர்ல வழவழன்னு ஒரு படலம் வளருது. உயிருள்ள படலம். அது இந்த மருந்தத் தின்னுட்டு வேற ஒண்ணா மாத்தி விடுது. அந்த வேற ஒண்ணுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல. மனசுக்கு இதமான ஞாபகத்த மட்டும் தொட்டு எழுப்புதாம். பயத்தையும் வலியையும் தொடாதாம்."

வைகுண்டமணியின் மனைவி இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "கேக்க நல்லாத்தானம்மா இருக்கு," என்றார் தயங்கி.

"எழுப்பின ஞாபகம் திரும்பி அதோட எடத்துக்குப் போறதில்ல சார். ஒரு தடவ கனவா வந்துட்டா, முழிச்சிருக்கும்போது அது இல்லாமப் போயிருது. எங்க மதினிக்குக் கல்யாண நாளே ஞாபகமில்ல."

அவர் முகம் மாறியது. அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "அப்படின்னா இன்னைக்கே குளோரின ஏத்திவிடு. படலம் எல்லாம் செத்து ஒழியட்டும்."

"செத்தா உரியும் சார். அத்தனையும் ஒரே சமயத்துல உரிஞ்சு, இத்தன வருஷம் ஒட்டியிருந்தது பூராவும் அவங்க சமையல் பானைக்குள்ள போயிரும். ஒரே நாள்ல எல்லாரும் எல்லாத்தையும் கனவு கண்டு முடிச்சிருவாங்க."

"அடைச்சிட்டா?"

"நிக்கிற தண்ணியிலதான் அது நல்லா வெளையும். தெரு தெருவா, கொஞ்சம் கொஞ்சமாக் கழுவணும். அதுவரைக்கும் லாரித் தண்ணி. அவங்க குழாயத் தொடாம இருக்கணும். அவங்க சம்மதிக்காம நடக்காது."

வைகுண்டமணி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். "நான் போட்டுட்டேன். ஆனா அந்தத் தெரு உன்ன விடாது," என்றார்.

கடைசித் தெருவில் தண்ணீர் பிடித்த ஒரு பாட்டில் அவள் வீட்டில் மிச்சம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வெயில் தண்ணீரின் ஊடாக வந்து மேசைமேல் நடுங்கியது. கஸ்பார் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவு கடலில் நடந்த நாள் ஒன்று உண்டு. கால் எட்டாத ஆழத்தில் அவன் தலைமுடியை அவள் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். பிடியை விடு என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஈரத் தலைமுடியை இன்னொரு முறை கைக்குள் உணர ஒரு தம்ளர் போதும்.

எழுந்து பாட்டிலை ஒரு வாளியில் கவிழ்த்து, குளோரின் போட்டு, கையைக் கழுவிக்கொண்டாள். அன்று மாலை முழுவதும் அழுதாள்.

மறுநாள் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அமலோற்பவம் நம்பவில்லை.

"என் புருஷன் எனக்கு மறந்துபோச்சுங்கியா? நீ பேசுதியா இல்ல உங்க ஆபீஸ் பேசுதா?"

"முழிச்சிருக்கும்போது அண்ணனப் பத்தி ஒண்ணு சொல்லுங்க மதினி. எது வேணும்னாலும்."

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் ஓரத்திலிருந்து இருட்டத் தொடங்கியது.

"குடிச்சிட்டு வந்து சோத்துத் தட்ட எறிஞ்சாவ," என்றாள் மெதுவாக. "எங்கப்பன் செத்ததுக்கு வரமாட்டேன்னாவ. கடைசியாப் போகும்போது எங்கிட்டப் பேசாமப் போனாவ." நிறுத்தினாள். "அவ்வளவுதான் இருக்கு. ஏன் ஜெசி, இவ்வளவுதானா அந்த மனுஷன்?"

"இல்ல மதினி. மத்ததெல்லாம் கனவுல செலவாயிட்டு."

அமலோற்பவம் எழுந்து அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. வெளியே வராமலேயே, "நீ போ ஜெசி," என்றாள்.

கழுவுகிற வேலை தொடங்க வேண்டிய காலையில், ஜெசிந்தாவும் வேலையாட்களும் போனபோது, வால்வுக் குழியின் மூடிமேல் சூசை மிக்கேல் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, வெள்ளை மீசை. புயலுக்கு முன் ஊரிலேயே பெரிய படகு அவருடையது. அவரைச் சுற்றித் தெருவே நின்றது. யாரும் கத்தவில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர்கள் போல மௌனமாக நின்றார்கள். அதுதான் ஜெசிந்தாவைப் பயமுறுத்தியது.

"என் மவனத் தண்ணியில பறிகொடுத்தேன், பிள்ள," என்றார் மிக்கேல். "அவன் தண்ணி வழியாத்தான் திரும்பி வாரான். அத அடைக்க நீ யாரு?"

"அடைக்க வரல மாமா..."

"ஒனக்கும் அண்ணந்தான போனான்? நீ குடிச்சியா? குடிக்கல. குடிக்காதவ பேசப்பிடாது."

படலம், துரு, குளோரின் என்று அவள் மனப்பாடம் செய்து வந்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமலோற்பவம் வந்தாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இரண்டு மூன்று நாட்களாக அவள் மதியத்தில் தூங்கவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. மிக்கேலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, நேத்து ஒங்க மவன் ராயப்பன் வந்தானா?"

"வந்தான்."

"என்ன செஞ்சான்?"

மிக்கேலின் மீசை சிரித்தது. "செஞ்சான்... வந்து..." கை உயர்ந்தது. காற்றில் எதையோ தேடியது. "வந்தான். நல்லாத்தான் இருந்துச்சு."

"நீச்சல் சொல்லிக் குடுத்தியளே, அதச் சொல்லுங்க. தெருவே கரையில நின்னு பாத்துச்சே."

அவர் யோசித்தார். கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவரும் தங்களுக்குள் எதையோ தேடத் தொடங்கியது முகங்களில் தெரிந்தது. ஒரு பெண் கணவனின் பெயரை முணுமுணுத்துவிட்டு, அதற்குமேல் போகமுடியாமல் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"ஒரு நா வல அறுந்ததுக்கு அவன பெல்ட்டால அடிச்சேன்," என்றார் மிக்கேல் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "சுவரோட ஒட்டிக்கிட்டு என்னையப் பாத்தான். அது நல்லா ஞாபகம் இருக்கு. அது மட்டும் நல்லா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் மாமா. எங்கயாவது நல்லது ஒண்ணு ரெண்டு பாக்கி கெடக்கலாம். அதக் கனவுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. அதுக்காகத்தான் படுக்காமக் கெடக்கேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் மூடியில் ஊன்றி, எழ முயன்றார். முடியவில்லை. அமலோற்பவமும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி எழுப்பினார்கள்.

கழுவும் வேலை மழைக்காலம் வரை நடந்தது. ஒவ்வொரு தெருவாக வால்வை மூடி, குளோரினைத் துளித்துளியாக ஏற்றி, உரிந்து வந்த கறுப்புத் தண்ணீரைக் மருந்தை உறிஞ்சும் கரி நிரப்பிய லாரிகளில் பிடித்தார்கள். குழாய்க்குள்ளிருந்து வெல்லப்பாகு வாசத்தோடு கொழகொழவென்று அது வந்தது. சிலர் ரகசியமாகக் குடம் வைத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு தாய் இரண்டு நாள் எழாமல் தூங்கி, எழுந்தபோது தன் மகளின் படத்தைப் பார்த்து, "வடிவா இருக்காளே, யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டாள். அதன் பிறகு யாரும் குடம் வைக்கவில்லை.

கடைசித் தெருமுனைக் குழாயில் முதல்முறையாகச் சொட்டு மருந்துக்கு நிறம் ஏறிய நாளில் தெரு விழித்திருந்தது. மதியத்தில் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து வெறுமனே கடலைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ ஒரு சின்னச் சண்டைச் சத்தம் கேட்டது. அலுவலகத்துக்குப் புகார் வந்தது: தண்ணீரில் மருந்து வாடை தாங்க முடியவில்லை. வைகுண்டமணி மிகுந்த நிம்மதியோடு அதைப் பதிவு செய்தார்.

ஜெசிந்தா ஞாயிறுதோறும் மதினியிடம் போய்க் கஸ்பாரைப் பற்றிச் சொன்னாள். அவள் குடிக்காதவள் என்பதால் எல்லாம் அவளிடம் இருந்தது. கல்யாண மழையைச் சொன்னாள். றால் உரித்த கதையை மதினியின் வாயிலிருந்தே கேட்டிருந்தாள், அதைத் திருப்பிக் கொடுத்தாள். அமலோற்பவம் அரிசி புடைத்துக்கொண்டே, வேற்றூர் யாரோ ஒரு தம்பதியின் கதையைக் கேட்பது போலக் கேட்பாள். நல்ல இடங்களில் தலையாட்டுவாள். ஒரு முறை, "அந்தப் பொண்ணு குடுத்து வச்சவ," என்றாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்பது அவளுக்கே உறைக்கவில்லை. ஜெசிந்தா எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

மாதங்கள் போகப்போக ஜெசிந்தாவிடம் இருந்தவை தீர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்ல எதுவுமில்லாமல், மதினி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாய் தானாகச் சொல்லியது: "அண்ணன் ஒரு பச்சைக் குடை வாங்கிட்டு வந்தானே மதினி. பஸ் ஸ்டாண்டுலருந்து வீடு வரைக்கும் ஒங்க தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வந்தான். அவன் வெயில்லயே நடந்தான்."

அப்படி எதுவும் நடக்கவில்லை. கஸ்பார் வாழ்நாளில் குடை வாங்கியவன் இல்லை.

அமலோற்பவத்தின் கை முறத்தில் நின்றது.

"ஆமா," என்றாள். "மீன் விக்குறவளுவ எல்லாம் பாத்துச் சிரிச்சாளுவ. எனக்கு வெக்கமாப் போச்சு. நீங்களும் உள்ள வாங்கன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கு எடம் காணாதுன்னுட்டாவ." கண்ணில் நீர் நிறைந்தது. "அது எனக்கு ஞாபகம் இருக்கு ஜெசி! நல்லா ஞாபகம் இருக்கு!"

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பி ஜெசிந்தாவுக்குப் பழக்கமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் நாக்கு நுனியில் இருந்தன. எந்த வருஷம், எந்தக் கடை, குடை இப்போது எங்கே. மதினியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றையும் கேட்கவில்லை.

"மீன்காரிங்க சிரிச்சது எனக்கு மறந்துபோச்சு," என்றாள்.

கோடை தொடங்கியபோது மாதாந்திரச் சோதனைக்காக ஒரு மதியம் கடைசித் தெருவுக்குப் போனாள். தெருமுனைக் குழாயருகே சூசை மிக்கேல் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்து மணலைத் தட்டிக் காட்டினார்.

"ஏ பிள்ள, இங்கன வா. எம்மவன் ராயப்பனப் பத்தி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. சொன்னனா ஒனக்கு?"

"இல்ல மாமா."

"மொத தடவ தனியா கடலுக்குப் போய்ட்டு வந்தான்லா, அந்தக் காசுல எனக்கு ஒரு கொடை வாங்கிட்டு வந்தான். நீலக் கொடை. ஏலே, கடல்ல கெடக்குறவனுக்குக் கொடை என்னத்துக்குலேன்னு கேட்டேன். கேக்கானா? சந்தையிலருந்து வீடு வரைக்கும் எந்தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே வாரான். அவன் வெயில்ல வாரான். ஊரே பாக்குது."

பாட்டில் நிரம்பி அவள் கையில் வழிந்தது. ஜெசிந்தா குழாயை அடைத்தாள். படகின் நிழலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெறவு என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டாள்.